எவர்சில்வருக்கு ஏன் துரு வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

"சீர்வரிசையில் வந்த அண்டா ரெண்டு வருஷத்திலேயே அடியில் செம்புள்ளி விடுது. எங்க அம்மாவோட தூக்குவாளி நாப்பது வருஷமாகியும் முகம் தெரிய மின்னுது. எவர்சில்வர் துருப்பிடிக்குமா சார்?"

உத்திரமேரூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. நூறு நாள் வேலைக் கூலியில் மிச்சம் பிடித்து, மாதாமாதம் பாத்திரச் சீட்டு கட்டி, பெண்ணுக்கு அண்டா, குடம், அடுக்கு என்று சேர்த்தவர்கள் கேட்கிற கேள்வி. துருப்பிடிக்கும் என்பதுதான் பதில். ஏன் பிடிக்கிறது என்பதற்கு வேதியியல் காரணமும் உண்டு, வரலாற்றுக் காரணமும் உண்டு. நான் சரித்திர வாத்தியார், அதனால் பின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

என் பாட்டி காலத்துச் சமையலறையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பாத்திரம். குடிதண்ணீர் செப்புக் குடத்தில். சோறு பித்தளைத் தவலையில். புளிக்குழம்பு மண்சட்டியிலோ கல்சட்டியிலோ. ரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருந்த வீடுகளும் உண்டு. உப்பும் ஊறுகாயும் பீங்கான் ஜாடியை விட்டு வெளியே வராது. காரணம் கேட்டால் யாரும் விளக்கம் சொல்லமாட்டார்கள். "களிம்பு ஏறும்" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பித்தளையில் புளிப்பு பட்டால் செம்பு கரையும், வாந்தி வரும். அது அனுபவத்தில் தெரிந்த பாடம்.

அதனால்தான் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். வேப்பமரத்தடியில் குழி தோண்டிக் கரி நிரப்பி, துருத்தி வைத்து ஊதுவார். பாத்திரம் நன்றாகக் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார், வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும். வெள்ளீயக் குச்சியை ஒரு இழு இழுத்து, பழந்துணியால் சுற்றித் தேய்த்தால் உள்பக்கம் வெள்ளியாகிவிடும். நாங்கள் பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். அந்தப் பூச்சு தேயத் தேய, சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அந்தக் காலத்துப் பெண்கள் உலோகத்தை முழுதாக நம்பவில்லை. பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டார்கள்.

நடுவில் அலுமினியம் வந்தது. சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். மலிவு, லேசு. ஆனால் சீர்வரிசையில் வைக்கிற மதிப்பு அதற்குக் கடைசிவரை வரவில்லை.

அந்த மதிப்போடு வந்து உட்கார்ந்தது எவர்சில்வர். வடக்கே போனால் வெறும் 'ஸ்டீல்' என்பார்கள். நாம்தான் என்றும் வெள்ளி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். ஈயம் பூச வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், களிம்பும் இல்லை. ஒரே தலைமுறையில் ஈயம் பூசுகிறவர் தெருவிலிருந்து மறைந்தார். அவரோடு சேர்ந்து, எதை எந்தப் பாத்திரத்தில் வைக்கலாம், வைக்கக்கூடாது என்ற கணக்கும் போயிற்று. எவர்சில்வர் எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைத்தோம். இன்றைய துருவில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த உலோகம் பிறந்த கதையில் நம் பக்கத்துக்கும் ஓர் இடம் உண்டு. கொடுமணலிலும், பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரிலும் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவின் அந்த எஃகை வெள்ளைக்காரர்கள் 'ஊட்ஸ்' என்றார்கள். மின்சாரப் பாடத்தில் நாம் படித்த அதே மைக்கேல் ஃபாரடே, இளைஞராக இருந்தபோது லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளரோடு சேர்ந்து இந்த ஊட்ஸை ஆராய்ந்தார். அதைப்போல எஃகு செய்ய முயன்று, எஃகில் வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார்கள். 1820லும் 1822லும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். இடையில் 1821இல், பிரான்சில் பெர்த்தியே, குரோமியம் கலந்த இரும்பை அமிலம் எளிதில் தின்பதில்லை என்று கவனித்தார். எவர்சில்வரைத் தமிழன் கண்டுபிடித்தான் என்று இதை வைத்து வாட்ஸ்அப்பில் யாரும் சுற்றவிட வேண்டாம். நம் எஃகு கிளப்பிய ஆர்வம் அந்த ஆராய்ச்சிக்கு ஒரு தூண்டுதல், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

பிறகு ஏறக்குறைய நூறு வருடம் ஓடியது. 1912இல் ஜெர்மனியின் குருப் ஆலையில் ஸ்ட்ராஸ், மௌரர் இருவரும் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த எஃகுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1913 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 12.8 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். அவர் தேடியது துப்பாக்கிக் குழல் அரிக்காமலிருக்க ஒரு வழி. கிடைத்தது மேசைக் கத்தி. பிரியர்லி வைத்த பெயர் 'துருவில்லா எஃகு'. கத்திப் பட்டறை மேலாளர் ஒருவர் அதை வினிகரில் போட்டுப் பார்த்துவிட்டு, கறையே படியவில்லையே என்று 'ஸ்டெயின்லெஸ்' என்றாராம். கடையில் விற்றது இந்தப் பெயர்தான். 1924இல் அதே ஷெஃபீல்டில் ஹாட்ஃபீல்டு, 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்று கணக்கை நிலைநிறுத்தினார். இன்று கடைக்காரர் 304 என்று சொல்வது அந்தக் குடும்பத்தைத்தான்.

இனி வேதியியல், ஒரே பத்தியில். எவர்சில்வரில் பெரும்பகுதி இரும்புதான். அதில் பத்தரை சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு தோல் கட்டிக்கொள்ளும். தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு கனம், கண்ணுக்குத் தெரியாது. கீறினால் தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும், நம் உடம்புத் தோல் போல. அதற்கு வேண்டியது காற்று மட்டுமே. அதற்கு ஆகாத எதிரி உப்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் இருக்கும் குளோரின் வகையறா. அது தோலில் ஒரு புள்ளியில் துளை போட்டு உள்ளே இறங்கும். மேலே கடுகளவு செம்புள்ளி தெரிந்தால் அடியில் குழி இருக்கலாம்.

நம் வீட்டுக்கு இது எப்படி வந்தது? 1967இல் அண்ணா முதல்வரான ஆண்டு, சேலம் உருக்காலையும் சேதுக் கால்வாயும் கேட்டு 'எழுச்சி நாள்' கொண்டாடினோம். 1970 செப்டம்பர் 16 அன்று இந்திரா காந்தி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். உற்பத்தி தொடங்க 1981-82 ஆகிவிட்டது. கஞ்சமலை இரும்பை மனதில் வைத்துக் கேட்ட ஆலை, வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருளை உருட்டித் தகடாக்குகிற ஆலையாகத்தான் பிறந்தது. சொந்தமாக உருக்கும் கூடம் 2010இல்தான் வந்தது. ஆனாலும் 'சேலம் ஸ்டெயின்லெஸ்' தகடு தமிழ்நாட்டுப் பாத்திரக் கடைகளில் ஒரு நம்பிக்கைச் சொல்லாக இருந்தது.

தெருவில் நடந்தது வேறொரு வியாபாரம். தலையில் கூடையோடு வருகிற பாத்திரக்காரம்மாவிடம் பழைய துணி போட்டு எவர்சில்வர் வாங்குவார்கள். நம் காஞ்சிபுரப் பக்கத்தில் பழைய பட்டுப்புடவைக்குத் தனி மரியாதை, அதிலுள்ள சரிகைக்காக. ஒரு முகூர்த்தப் புடவைக்கு ஒரு குடமும் இரண்டு தட்டும் என்று திண்ணையில் அரை நாள் பேரம் நடக்கும். வாங்கியதும் பேர் வெட்டுவார்கள். புள்ளி புள்ளியாக, பெயர், ஊர், தேதி. கோயில் சுவரில் கல்வெட்டு படிக்கச் சொல்லிக்கொடுத்ததை விட, வீட்டிலுள்ள பாத்திரத்தில் பேர் படித்து வரச் சொன்னபோது என் மாணவர்கள் அதிகச் சரித்திரம் கொண்டுவந்தார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். அம்மாவின் தூக்குவாளி மின்னுகிறது, மகளின் அண்டா துருப்பிடிக்கிறது. இரண்டுக்கும் பெயர் எவர்சில்வர். பெயர் மாறவில்லை, உள்ளே இருக்கும் உலோகம் மாறிவிட்டது.

விலை ஏற்றுவது நிக்கல். நம் நாட்டுக்கு அது பெரும்பாலும் இறக்குமதி. 2001-02இல் டன் சுமார் 6,000 டாலருக்கு விற்ற நிக்கல், 2007 மே மாதம் 50,000 டாலரைத் தாண்டியது. இதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் காலங்களில் நிக்கல் ஆயுதங்களுக்குப் போய்விட, நிக்கலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மாங்கனீசைப் போடும் வித்தையை அமெரிக்காவில் வளர்த்திருந்தார்கள். 200 வரிசை என்பது அதுதான். மாங்கனீசு நம் நாட்டில் தாராளம், மத்தியப் பிரதேசத்தின் பாலகாட்டில் பெரிய சுரங்கமே இருக்கிறது. அதனால் இந்தியப் பாத்திரத் தொழில் இந்த வரிசையை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒழுங்காகச் செய்த 202 மோசமில்லை. ஆனால் மலிவு ரகங்களில் நிக்கல் ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கும்போது குரோமியமும் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுவது உண்டு. தோலே மெலிந்துபோகிறது. பார்வைக்குப் பளபளப்பில் வித்தியாசம் தெரியாது.

மாங்கனீசு என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். சென்னை மாகாணத்தில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830களில் சேலத்து இரும்புக் கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தவர். அது அவருக்குக் கைகொடுக்கவில்லை. இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் லாபம் பார்த்தார்கள், ஹீத்துக்கு வழக்கு மட்டும் மிஞ்சியது. பரங்கிப்பேட்டையில் நொடித்தவரின் மாங்கனீசு, வேறு வேலைக்காக, இன்று நம் அண்டாவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"காந்தம் ஒட்டவில்லை பாருங்கம்மா, அசல் சரக்கு" என்று கடையில் காட்டுவார்கள். இதை நம்பாதீர்கள். மாங்கனீசு போட்ட மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. மறுபுறம், 304இல் செய்த நல்ல பாத்திரமே, அழுத்தி வளைத்த விளிம்பில் லேசாக ஒட்டும். இதைவிட நல்ல சாட்சி உங்கள் உண்டியலில் இருக்கலாம். 1988இல் 10, 25, 50 காசுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வந்தன, 1992இல் ஒரு ரூபாயும் வந்தது. அவற்றில் நிக்கலே கிடையாது. இரும்பு 83, குரோமியம் 17. நாணயத்துக்கான வில்லைகளைச் சேலம் ஆலையும் வெட்டிக் கொடுத்தது. காந்தத்தில் பச்சென்று ஒட்டும். முப்பது வருடம் கை வேர்வை பட்டும் அந்தக் காசு துருப்பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? காந்தம் சொல்வது உலோகத்தின் உள்கட்டமைப்பை. துருப்பிடிக்குமா என்பதைச் சொல்வது குரோமியம்.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக உலகமே மேற்கோள் காட்டுகிறது. 919, 921ஆம் ஆண்டுகள், முதலாம் பராந்தகன் காலம். அதில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லோருக்கும் தெரியும். பொன் வாரியம் என்றும் ஒன்று இருந்ததைப் பலர் கவனிப்பதில்லை. பொன்னின் மாற்றைப் பார்க்க ஊரே ஆள் தேர்ந்தெடுத்த இடம் இது. இன்று அதே ஊரில் பத்தாயிரம் ரூபாய்க்குப் பாத்திரம் வாங்குகிறவருக்கு மாற்று சொல்ல ஆளில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை வெளியிட்டது. அந்த முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் 304 அல்லது 202 என்று ரகத்தை எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

வித்தியாசம் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர் இருக்கிறார். பழைய இரும்புக் கடைக்காரர். நிக்கல் உள்ள எவர்சில்வருக்கு ஒரு விலை, இல்லாததற்கு ஒரு விலை. ஒரு சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்துச் சொல்லிவிடுவார். நாம் வாங்கும்போது தெரியாதது விற்கும்போது தெரிகிறது.

சரி, வாங்கியாயிற்று. இனி காப்பாற்றுவது எப்படி?

2011இல் அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்த பிறகு, குடிசை வீட்டிலும் ஒரு எவர்சில்வர் டிரம் சுற்றுகிறது. அதற்கு முதல் எதிரி உப்பு. மாவு ஆட்டும்போதே உப்பைப் போட்டு, அள்ளிவிட்டு, டிரம்மை மறுநாள் காலை கழுவுகிறோம். இரவு முழுக்க உப்பும் புளிப்பும் ஈரமும் அடியில் ஊறுகின்றன. மாவைப் பாத்திரத்தில் எடுத்த பிறகு உப்பு போட்டுக் கரையுங்கள், டிரம்மை உடனே கழுவித் துடையுங்கள். பருப்போ சோறோ வேகும்போதும் கல்லுப்பைக் கொதி வந்த பிறகு போடுங்கள். ஆறின தண்ணீரில் போட்ட உப்பு கரையாமல் அடியில் உட்கார்ந்து குழி பறிக்கும். உப்பும் ஊறுகாயும் ஜாடிக்கே திரும்பட்டும். பாட்டி சொன்னது சரிதான்.

அடுத்தது ஈரத்தோடு அடுக்குவது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய பாத்திரத்தின் நடுவில் காற்றுப் போகாது. தோல் காயத்தை ஆற்றிக்கொள்ள முடியாமல் அங்கே வளையமாகத் துரு வரும். குக்கர் மூடியின் கேஸ்கெட்டுக்கு அடியிலும், கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கருக்கு அடியிலும் இதே கதைதான். எங்கள் வீட்டுப் போர்த்தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அது துரு இல்லை, சுண்ணாம்பு. ஆனால் அதற்கடியில் உப்பு பதுங்கும். எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போய்விடும். அடுப்புச் சூட்டில் வானவில் போல நீலமாகத் தெரிவதும் துரு இல்லை, பயப்பட வேண்டாம்.

கம்பி நாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிங்க் ஓரத்தில் அது துருப்பிடித்துக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே நாரால் தேய்க்கும்போது அதன் துகள்கள் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மறுநாள் தெரிவது பாத்திரத்தின் துரு இல்லை, நாரின் துரு. ஈர தோசைக்கல்லையும் இரும்புச் சட்டியையும் சிங்க்கில் விட்டாலும் இதுதான் நடக்கும். தேங்காய் நார், பீர்க்கங்கூடு, பஞ்சு போதும். கத்தி மட்டும் ஏன் சீக்கிரம் புள்ளி விடுகிறது என்று கேட்பீர்கள். கூர்மை நிற்க அதில் கரி கூடுதல், குரோமியம் குறைவு. கழுவியதும் துடைத்து வையுங்கள்.

புள்ளி வந்துவிட்டதா? முதலில் அது ஒட்டிய துருவா, சொந்தத் துருவா என்று பாருங்கள். ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் விட்டு, ஈரத்துணியால் பாலிஷ் கோடு போகிற திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். முழுதாகப் போய், நகத்தால் தடவும்போது வழவழவென்று இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது, கவலை விட்டது. போகாவிட்டால் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் 50 கிராமை ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் ஊறவையுங்கள். அது ஒட்டியிருக்கும் இரும்பைக் கரைத்துவிடும், குரோமியத் தோல் மறுபடி பிடிக்க வழி விடும். ஆலைகளிலும் இதே சிட்ரிக் ஆசிட் முறை உண்டு. நன்றாக அலசி, துடைத்து, வெயிலில் காயவையுங்கள். கிரைண்டராக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நனைத்த துணியைத் துருவின்மேல் போட்டுவைத்தால் போதும், மோட்டார் பக்கம் தண்ணீர் போகக்கூடாது.

கழிப்பறை ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக், பாத்திரத்தையே தின்னும். பிளீச்சிங் பவுடரை எலுமிச்சையோடோ ஆசிட்டோடோ கலந்தால் நச்சுப் புகை வரும், மூடிய சமையலறையில் அது ஆளையே சாய்க்கும்.

அதே இடத்தில் மறுபடி மறுபடி வந்தால், நகத்தில் குழி தட்டினால், அது சொந்தத் துரு. பாத்திரக் கடையில் பட்டறை பாலிஷ் போட்டுத் தருவார்கள், மேலோட்டமான குழி மறையும். ஆழமான குழியை மூட வீட்டில் வழியில்லை. பிடியும் மூக்கும் பற்றவைத்த இடத்தில் துரு வந்தால், பற்றவைத்த சூட்டில் அங்கே குரோமியம் கரியோடு சேர்ந்து வீணாகிவிட்டது என்று அர்த்தம், அது திரும்பத் திரும்ப வரும். அப்படிப்பட்ட குடத்தில் புளித் தண்ணீரும் மோரும் வைக்காமல் அரிசி, பருப்பு போட்டு வையுங்கள். உலர்ந்த பண்டத்துக்கு இன்னும் இருபது வருடம் உழைக்கும். பேர் வெட்டிய பாத்திரமாக இருந்தால், இரும்புக் கடையில் போடுவதற்கு முன் அந்தப் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.